மதுரையில் இரவுக் காவல் சேவை: கொட்டேஷனிலேயே தெரிந்துவிடும், ஆள் விழித்திருப்பாரா என்று

மதுரையில் அபார்ட்மென்ட்டுக்கோ கடைக்கோ இரவுக் காவலுக்கு ஆள் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சொல்லும் விலையில் பாதிதான் இன்னொருவர் சொல்வார். சீருடை ஒன்றுதான், விசில் ஒன்றுதான், லத்தி ஒன்றுதான். அந்த ஆள் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், அவர் வராத அன்றைக்கு மாற்று ஆள் உண்டா என்பதில்தான் விலை விலகுகிறது. ஏஜென்சிகளின் பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை. சூப்பர்வைசர் மாறினால் நல்ல ஏஜென்சியும் சில மாதத்தில் கெட்டுப்போகும், கெட்டது தேறிவிடும். அதனால் சேவையின் வகைகளைத்தான் எடைபோட்டிருக்கிறோம்.

ஊரில் அதிகம் விற்கும் சரக்கு, ஏஜென்சி அனுப்பும் 12 மணி நேர ஆள். காலை 8 முதல் இரவு 8 வரை ஒருவர், இரவு 8 முதல் காலை 8 வரை ஒருவர், மாதம் 30 நாளும். கே.கே. நகர், அண்ணா நகர் அடுக்ககங்களிலிருந்து கப்பலூர் சிட்கோ கம்பெனிகள் வரை இதுதான் வழக்கம். வார விடுமுறை உண்டா என்று கேட்டால் “ரிலீவர் போட்டுருவோம் சார்” என்பார்கள். அந்த ரிலீவர் யார் என்றால், பெரும்பாலும் அன்று பகல் வேறோர் இடத்தில் டியூட்டி முடித்துவிட்டு நேராக வருகிறவர். ‘டபுள் டியூட்டி’ என்று இதற்குத் தொழிலுக்குள் பேர். 24 மணி நேரம் தொடர்ந்து சீருடையில் இருக்கும் ஒருவர் அதிகாலை 3 மணிக்குத் தூங்குவது அவருடைய குற்றமே இல்லை.

விலைப் பேச்சுக்கு உட்காரும் முன் சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வாட்ச்மேன் என்பதில் இருக்கும் ‘வாட்ச்’சும், விழித்திரு என்று பொருள்படும் ‘வேக்’கும் பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரில் கிளைத்தவை. விழித்திருப்பதுதான் முதல் பொருள், கவனித்துப் பார்ப்பது பின்னால் வந்தது. கையில் கட்டும் வாட்ச்சும் அதே சொல்தான். முதலாம் எட்வர்டு காலத்தில், 1285-இல், இங்கிலாந்தில் வந்த வின்செஸ்டர் சட்டம் நகரத்தின் ஒவ்வொரு வாசலுக்கும் ஆறு பேர் என்று கணக்கு வைத்து, சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் உதிக்கும்வரை காவல் நிற்கச் சொன்னது. இரவுக் காவல் ‘வாட்ச்’, பகல் காவல் ‘வார்டு’ என்று அங்கே பிரித்துப் பேசினார்கள். கார்டு, வார்டன் எல்லாம் இந்த வார்டுக்குச் சொந்தக்காரர்கள். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளும் பேரளவில் காவல் எல்லைகள்தான்.

ஏஜென்சி போர்டுகளில் கம்பீரத்துக்காக எழுதுகிறார்களே ‘சென்டினல்’, அது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போனது. ‘உணர்’ என்று பொருள்படும் லத்தீன் வேரோடு அதைச் சேர்ப்பார்கள், ஆனால் அது முடிந்த முடிவல்ல. ‘சென்ட்ரி’ அதன் குறுக்கம் என்பது பொதுவான கருத்து. ‘செக்யூரிட்டி’ வேறு வம்சம்: லத்தீனில் ‘கவலை இல்லாமல்’ என்று அர்த்தம். நம் ஊரில் ஆளையே செக்யூரிட்டி என்கிறோம். கவலையில்லாமல் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறவரை அப்படி அழைத்தால் அகராதி ஆட்சேபிக்காது.

விழிப்பைப் பங்கு போட வேண்டும் என்பது பழைய அறிவு. ரோமானியர்கள் இரவை நான்கு காவலாகப் பிரித்தார்கள். கப்பலில் ஒரு ‘வாட்ச்’ பொதுவாக நான்கு மணி நேரம். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லும் ‘பாரா’ வடக்கிலிருந்து வந்த சொல், மூன்று மணி நேரத்தைக் குறிக்கும் பிரஹரத்தில் பிறந்தது. நம்முடைய யாமத்துக்கும் அதே அளவு. மதுரையின் இரவை யாமம் யாமமாகச் சொல்லும் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியிலும், மழை பெய்யும் நடுராத்திரியில் திருடனைத் தேடிக் கிளம்பும் ஊர்க் காப்பாளர்கள் வருகிறார்கள். இந்தக் கணக்கோடு 12 மணி நேரம், ஒரே ஆள், 30 நாள் என்ற கொட்டேஷனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 8 மணி நேர டியூட்டிக்கு மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (கையெழுத்துப் போடும் மாதத்தில் அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைப் பார்த்து இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்). இதன்மேல் முதலாளி பங்காக பி.எஃப்., அதன் இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம், 1,820 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455. போனஸ் 8.33 சதவீதம், 1,166. வார விடுமுறைக்கு வரும் ரிலீவருக்கு நான்கு நாள் சம்பளம், 26-ஆல் வகுத்தால் 2,154. சீருடை, ஷூ, டார்ச் தேய்மானத்துக்கு 300. கூட்டினால் 19,895. ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம் என்றால் 1,592. ஆக 21,487. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 3,868. மொத்தம் 25,355 ரூபாய், ஒரு ஆளுக்கு, ஒரு ஷிப்டுக்கு. மூன்று ஷிப்டுக்கு 76,065. அறுபது வீடுள்ள அடுக்ககத்தில் வீட்டுக்கு ஏறத்தாழ 1,268 விழும்.

12 மணி நேர ஆளுக்கு இதே கணக்கைப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். எட்டுக்கு மேல் உள்ள நான்கு மணி நேரம் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. அதாவது முறைப்படி போனால் 12 மணி நேர ஆளின் சம்பளம் 8 மணி நேர ஆளுடையதைப் போல இரண்டு மடங்காக வேண்டும். 12 மணி நேரத்துக்கு எல்லாம் சேர்த்து 15,000, 16,000 என்று யாராவது நீட்டினால், ரிலீவர் இல்லை, பி.எஃப். முழுசாக இல்லை, ஆள் வேறெங்கோ இன்னொரு டியூட்டி பார்க்கிறார் என்று மூன்றையும் சேர்த்தே படித்துக்கொள்ளலாம். மலிவான கொட்டேஷனை நாங்கள் வேண்டாம் என்பதற்கு இது போதும்.

பி.எஃப். கட்டுகிறார்களா என்று பார்க்க சலானை மட்டும் வாங்கிப் பயனில்லை. சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். மாதாமாதம் பி.எஃப். அலுவலகத்துக்குத் தாக்கல் செய்யும் ஈ.சி.ஆர். பட்டியலைக் கேளுங்கள். அதில் ஆள்வாரியாக யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்), மொத்தச் சம்பளம், பி.எஃப். கணக்கிட்ட சம்பளம், பங்களிப்பு இல்லாத நாள்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். உங்கள் கேட்டில் மாதம் முழுக்க நின்றவருக்கு அந்தப் பட்டியலில் பத்து நாள் சம்பளம்தான் காட்டியிருந்தால், மீதி எங்கே போயிற்று என்று பில்லை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். இ.எஸ்.ஐ. எண் உயிரோடு இருக்கிறதா என்பதை ஆளிடமே கேட்டால் போதும். தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்க முடிகிறதா என்று சொல்லிவிடுவார். கடை, மில், கம்பெனி என்றால் இந்த நிலுவை, ஏஜென்சி வழியாக ஆளை வேலைக்கு வைத்த முதன்மை முதலாளி என்ற வகையில் உங்கள் தலையிலும் வந்து விடியும். இன்னொன்று: ஏஜென்சி கம்பெனியாகப் பதிவாகாமல் தனிநபர் அல்லது பங்குதாரர் நிறுவனமாக இருந்து, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவுள்ளவராக இருந்தால், 2019 ஜனவரி முதல் அந்த வரியை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். பில்லில் வரியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் கணக்கு உதைக்கும்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமானது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (தொழிலில் ‘பசாரா’ என்பார்கள்) உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும், அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டங்கள் வரை, மாநிலம் முழுவதற்கும் என்று உரிமக் கட்டணம் வேறுபடும். ஆகவே தாளில் மதுரை மாவட்டம் அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். வெளியூர் ஏஜென்சியின் கிளை என்றால் இது அவசியம். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ், ராணுவச் சீருடை போலத் தோன்றும் உடையைப் போட்டால் தனித் தண்டனை உண்டு. “பார்க்க கெத்தா இருக்கட்டும்” என்று காக்கி கேட்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

அதே சட்டத்தின் மாதிரி விதிகளில் ஆளுக்கான அளவுகளும் இருக்கின்றன: ஆண் என்றால் உயரம் 160 சென்டிமீட்டர், மார்பு 80, மூச்சிழுத்தால் இன்னும் 4. வயது 18 முதல் 65. நிறக்குருடு கூடாது. பயிற்சி 100 மணி நேரம் வகுப்பில், 60 மணி நேரம் களத்தில், குறைந்தது 20 வேலை நாளில். முன்னாள் ராணுவத்தினர், போலீஸ்காரர்களுக்கு 40-ம் 16-ம் போதும். 15 பேருக்கு ஒரு சூப்பர்வைசர். ஏட்டில் இருக்கும் இந்த 160 மணி நேரப் பயிற்சியை நிஜமாகக் கொடுத்தார்களா என்று சோதிக்க எளிய வழி, கேட்டில் நிற்கும் ஆளிடம் தீயணைப்பான் சிலிண்டரைக் காட்டி “இதை எப்படிண்ணே அடிக்கிறது?” என்று கேட்பது. பின்னை இழுத்து, குழாயை நெருப்பின் அடியை நோக்கிப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும் என்று கையசைத்துக் காட்டினால் பயிற்சி பெற்றவர். தொடவே தயங்கினால் சான்றிதழ் ஜெராக்ஸ் கடையில் பெற்றது.

ஆள் நல்லவராகவே இருந்தாலும் இடம் சரியில்லாவிட்டால் காவல் தேறாது. முதல் தவறு, கேட்டருகே காவலாளி உட்காரும் கூண்டுக்குள் பளிச்சென்று டியூப்லைட். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால் கண்ணாடி அவர் முகத்தையே அவருக்குக் காட்டும், தெரு தெரியாது. தெருவில் வருகிறவனுக்கோ இவர் விழித்திருக்கிறாரா என்பது துல்லியமாகத் தெரியும். கூண்டுக்குள் மங்கலான விளக்கு, அதுவும் மேசை மட்டத்தில். வெளியே கேட்டின்மேல் பிரகாசமான விளக்கு, அது வெளிப்பக்கம் பார்த்து. இதுதான் சரியான அமைப்பு. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், போனில் ஒரு வீடியோ பார்த்தால் அது போச்சு. தகரக் கூண்டு மதுரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்து நடுராத்திரி வரை அனலடிக்கும். மேலே ஓலையோ வெப்பம் தடுக்கும் ஷீட்டோ போட்டு, ஒரு ஃபேனும் வையுங்கள். நாற்காலிக்குப் பதில் உயரமான ஸ்டூல் போட்டால் தூங்க மாட்டார் என்பது பரவலான யோசனை. முதுகுவலியால் ஆள்தான் மாதாமாதம் மாறுவார். ஒரு மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வைப்பதே மருந்து.

அந்த நடைக்குத்தான் ரவுண்ட்ஸ் பேட்டன் விற்கிறார்கள். சுவரில் ஒட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையைக் கைத்தடி மாதிரியான கருவியால் தொட்டால் இடமும் நேரமும் பதிவாகும். போன் ஆப் வகையில் என்.எஃப்.சி. வில்லை (போனை ஒட்டிப் பிடித்தால் படிக்கும்) அல்லது க்யூ.ஆர். ஸ்டிக்கர். மூன்றில் க்யூ.ஆர். வேண்டாம். எல்லா ஸ்டிக்கரையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு போனால் ஸ்கேன் பண்ணிவிடலாம். என்.எஃப்.சி. நல்லது. ஆனால் இரும்புக் கேட், மோட்டார் ரூம் தகரக் கதவு மேல் சாதாரண வில்லையை ஒட்டினால் படிக்காது, உலோகத்துக்கென்று அடியில் ஃபெரைட் படலம் வைத்த வில்லை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பேட்டனில் வரும் கோளாறு, அதன் உள்கடிகாரம் மெல்ல விலகுவது. மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரில் மாட்டிச் சரிசெய்யாவிட்டால், சி.சி.டி.வி. நேரத்தோடு ஒப்பிட முடியாமல் போகும். வில்லைகளை இரண்டு திருகு போட்டு முடுக்குங்கள். வெறும் பசையில் ஒட்டினால் எல்லாவற்றையும் பெயர்த்து மேசை டிராயருக்குள் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஒரே வரிசையில் ஒரே நேரத்தில் சுற்றுவதும் ஆபத்து. முதல் வாரம் கவனிக்கிறவனுக்கு இரண்டாம் வாரம் மனப்பாடம். வரிசையை மாற்றி மாற்றிப் போகச் சொல்லுங்கள். 3 முதல் 5 மணிக்குள் குறைந்தது இரண்டு சுற்று வேண்டும். உடம்பு அசந்துபோகும் நேரம் அதுதான்.

கருவிக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் ரெஜிஸ்டரைப் படிக்கப் பழகுங்கள். நிஜமாக ராத்திரி எழுதிய பக்கத்தில் நேரம் 12.10, 1.25, 2.05 என்று கோணல்மாணலாக இருக்கும், எழுத்து ஏறி இறங்கும், ஒரு வரி டீக்கறையாகக்கூட இருக்கும். காலையில் ஒரே மூச்சில் எழுதிய பக்கத்தில் 12.00, 1.00, 2.00 என்று அடுக்கிவைத்த மாதிரி, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு, ‘எல்லாம் சரி’ என்ற சொல் எல்லா வரியிலும் ஒரே இடத்தில்.

மற்ற வகைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார்க்கிங்கில் அறை கொடுத்துக் குடும்பத்தோடு தங்கவைக்கும் நேரடி வாட்ச்மேன், பத்துப் பன்னிரண்டு வீடுள்ள சின்ன அடுக்ககத்துக்குப் பொருந்துவார். மோட்டார் போடுவது, பால் பாக்கெட் எடுத்துவைப்பது, கார் துடைப்பது எல்லாம் அவர்தான். ஆனால் 24 மணி நேரமும் ஒருவரே பொறுப்பு என்றால் ராத்திரி அவர் தூங்குவார், தூங்கத்தான் வேண்டும். அவரை இரவுக் காவல் என்று கணக்கில் எழுதாதீர்கள். வேலைக்கு வைக்கும் முன் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வேலையாள் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தெருத்தெருவாகத் தடியைத் தட்டி விசில் ஊதிப்போகும் கூர்க்கா பல தெருக்களுக்குப் பொது. அந்தச் சத்தம் திருடனுக்கும் கேட்கும், கேட்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. மாதம் கொடுக்கும் சில்லறைக்கு அது நியாயமே. ஆனால் ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டியிருப்பதை அவரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். சி.சி.டி.வி. கண்காணிப்புச் சேவை, தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை மாதிரி ராத்திரி யாருமே இருக்காத இடத்துக்குக் கைகொடுக்கும். நான்கு கேமரா, தலா 2 எம்.பி.பி.எஸ். என்றால் நாளுக்கு 86 ஜி.பி. ஓடும், 1 டி.பி. டிஸ்க் பதினோரு நாள்தான் தாங்கும். கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை ஆடினால் ராத்திரி முழுக்கப் பொய் அலாரம். மூன்றாம் நாள் யாராவது அலாரம் ஒலிக்கும் ஹூட்டரை அணைத்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் வலையடிக்க யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எங்கள் தீர்ப்பு: நடுத்தர அடுக்ககத்துக்கு முழுநேர மூன்று ஷிப்ட் கையைக் கடித்தால், பகல் ஆளை விட்டுவிட்டு இரவு 10 முதல் காலை 6 வரை இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் கேட்டில், ஒருவர் சுற்றில், இரண்டு மணிக்கொரு முறை மாற்றிக்கொள்ளட்டும். ஒற்றை ஆள் 12 மணி நேரத்தைவிட இது எவ்வளவோ மேல். ஷிப்ட் நேரத்தைப் பஸ்ஸுக்கு ஏற்றபடி வையுங்கள். மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கமிருந்து வருகிறவரை இரவு 11 மணிக்கு விடுவித்தால் அவர் போகமாட்டார், அங்கேயே படுத்து மறுநாள் டியூட்டியும் பார்ப்பார்.

ஒப்பந்தத்தில் எழுத மறக்கக் கூடாத நாள்கள் இரண்டு தொகுதி. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதற்கு முன்பின்னும். ஆள்களில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், வீடுகளும் அன்றைக்குத்தான் பூட்டிக் கிடக்கும். அந்த நாள்களில் வராவிட்டால் பிடித்தம் இவ்வளவு, மாற்று ஆளின் பெயரும் அடையாள அட்டை நகலும் ஒரு வாரம் முன்னதாகவே வர வேண்டும் என்று எண்ணாகவும் எழுத்தாகவும் இருக்கட்டும்.

பிடித்தபின் என்ன செய்வது என்பதையும் ஆளுக்கு எழுதிக் கொடுங்கள். காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. கண்முன்னே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், தனிநபர் யாரும் பிடித்துவைக்கலாம். தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கம்பத்தில் கட்டிவைத்து அடித்தால் வழக்கு காவலாளி மேலும், அடிக்கச் சொன்னவர் மேலும் திரும்பும். 112-க்கு அடிப்பது, சங்கப் பொறுப்பாளருக்கு அடிப்பது, கேட்டைப் பூட்டுவது என்று வரிசையாக எழுதிக் கூண்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். போன் எண்கள் பெரிய எழுத்தில், டார்ச் இல்லாமலே படிக்கிற அளவில்.